குரங்கு பெடலிலிருந்து கியர் வண்டிக்கு

கோலார் தங்கவயலின் பெயர் 1965-ல் இயற்பியல் வரலாற்றில் ஏறியது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்கு 2 கிலோமீட்டருக்கும் கீழே வைத்திருந்த கருவிகளில், காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் தடம் முதல்முறையாகப் பதிந்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஜப்பானின் ஒசாகாவிலிருந்தும் இங்கிலாந்தின் டர்ஹமிலிருந்தும் வந்தவர்களும் சேர்ந்து செய்த வேலை அது. 1980-களில் புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்கும் பரிசோதனையும் அதே ஊரில், அதே பாறைக்கு அடியில் நடந்தது. அந்த வருஷங்களில் தரைக்கு மேலே, சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு நடுவே இருந்த செம்மண் சரிவுகளில், எங்களைப் போன்ற பிள்ளைகளும் ஒரு இயற்பியல் பரிசோதனை செய்துகொண்டிருந்தோம். அதற்குக் குரங்கு பெடல் என்று பெயர்.

நைனா, அதாவது அப்பா, நைட் ஷிப்டு முடிந்து வந்து படுத்ததும் அவருடைய சைக்கிள் என் கைக்கு வரும். பெரியவர்கள் ஓட்டும் கனமான கறுப்பு வண்டி. சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. பாருக்கு மேலே காலைத் தூக்கிப் போடவும் உயரம் போதாது. அதனால் பாருக்குக் கீழே இருக்கும் முக்கோணத்துக்குள் வலது காலை நுழைத்து அந்தப் பக்கப் பெடலில் வைக்க வேண்டும். இடது கை ஹேண்டில்பாரில் இருக்கும். வலது கை சீட்டைக் கட்டிப்பிடித்திருக்கும். உடம்பு முழுக்க வண்டிக்கு இடப்பக்கம் தொங்கும். பெடலை முழுச் சுற்றுச் சுற்ற முடியாது, அரைச் சுற்று மிதித்து மிதித்துத்தான் போக வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது வண்டியின் சாய்வு. பிள்ளை இடப்பக்கம் தொங்கினால் வண்டி தானாக வலப்பக்கம் சாய்ந்துகொள்ளும். பிள்ளையும் வண்டியும் சேர்ந்த மொத்த எடையின் மையம், இரண்டு டயரும் தரையைத் தொடும் கோட்டுக்கு நேர் மேலே வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் விழுந்துவிடும். எடை மையம் என்ற சொல்லையே கேட்டிராத எட்டு வயதுப் பிள்ளை, முழங்காலில் நாலைந்து சிராய்ப்பு வாங்கியபின் அந்தச் சாய்வைக் கண்டுபிடித்துவிடும். எத்தனை டிகிரி என்று யாரும் சொல்லித் தரவில்லை, சொல்லித் தந்திருந்தாலும் பயன்பட்டிருக்காது. உடம்பு தானே கண்டுபிடித்தால்தான் உண்டு.

இப்படிக் கற்ற பாடம் பத்து வருஷம் கழித்து மோட்டார் சைக்கிளில் ஏறும்போது உதவுமா? உதவும், நிச்சயம் உதவும். ஆனால் எதற்கு உதவும், எந்த இடத்தில் கையைப் பின்னால் முறுக்கி நம்மைக் கீழே தள்ளும் என்று தெரிந்துகொள்வது ஒரு குடும்பத்துக்கு உயிர்ப் பிரச்சினை. அதனால்தான் இதற்கென்று ஒரு அத்தியாயம்.

சைக்கிள் எப்படி விழாமல் நிற்கிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம். சக்கரம் சுற்றுவதால், பம்பரம் நிற்பதுபோல் நிற்கிறது என்று நானும் பள்ளியில் படித்தேன். 1970-ல் டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில், தரையைத் தொடாதபடி இன்னொரு சக்கரத்தை மாட்டி, அதை எதிர்த்திசையில் சுற்றவிட்டார். ஒன்றின் பம்பர விளைவை மற்றொன்று அடித்துவிடும். அப்படியும் அந்த சைக்கிளை அவரால் சாதாரணமாக ஓட்ட முடிந்தது. 2011-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பம்பர விளைவையும் நீக்கினார்கள். முன் ஃபோர்க்கின் அமைப்பால் சக்கரம் தானே நேராகிக்கொள்ளும் குணத்தையும் நீக்கினார்கள். அந்தச் சிறிய வண்டியைத் தள்ளிவிட்டால், ஆளே இல்லாமல் விழாமல் ஓடியது. விழப்போகும் பக்கம் வண்டி தானே திரும்பியதுதான் அதைக் காப்பாற்றியது.

சூத்திரம் அவ்வளவுதான். விழும் பக்கமே திருப்பு. உள்ளங்கையில் துடைப்பத்தை நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். துடைப்பம் வலப்பக்கம் சாய்ந்தால் கையையும் வலப்பக்கமே நகர்த்துகிறோம். சாய்கிற தலைக்குக் கீழே அடியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். சைக்கிளில் ஹேண்டில்பார் செய்வதும் அதுவே. பயந்தவர் மனசு எதிர்ப்பக்கம் இழுக்கச் சொல்லும், இழுத்தால் விழுவார். அந்தப் பயத்தைத் தாண்டி, விழும் பக்கமே திருப்பக் கை பழகுகிற அந்த ஒரு நொடியைத்தான் ‘பேலன்ஸ் வந்துடுச்சு’ என்று சொல்கிறோம்.

1817-ல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் ஃபான் டிரைஸ் ஓட்டிய மரவண்டிக்குப் பெடலே கிடையாது. காலால் தரையை உதைத்து ஓட வேண்டும். மனிதன் இரண்டு சக்கரத்தில் முதலில் கற்றது இந்தப் பேலன்ஸைத்தான், மிதிப்பது பிறகு வந்தது. இன்று குழந்தைகளுக்குப் பெடல் இல்லாத சின்ன வண்டி வாங்கித் தரும் பெற்றோர் சரியான வழியில் போகிறார்கள். பக்கத்தில் இரண்டு குட்டிச் சக்கரம் மாட்டித் தருபவர்கள், அன்பினால்தான் என்றாலும், தவறான பாடத்தைத் தருகிறார்கள். அந்த வண்டி சாயவே சாயாது. சாயாத வண்டியில் பிள்ளை மூன்று சக்கர வண்டி ஓட்டத்தான் கற்கும். 1885-ல் டைம்லரும் மைபாக்கும் செய்த உலகின் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிளிலும் இப்படிப் பக்கச் சக்கரங்கள் இருந்தன. அவற்றைக் கழற்றிவிடும் துணிச்சல் பின்னால்தான் வந்தது. சைக்கிள் கம்பெனிகளும் மோட்டார் சைக்கிள் செய்ய இறங்கின. ராயல் என்ஃபீல்டு, டிரையம்ஃப், பி.எஸ்.ஏ. எல்லாமே சைக்கிள் செய்த பெயர்கள். நம் நாட்டிலும் லூதியானாவின் ஹீரோ சைக்கிள் குடும்பம்தான் 1984-ல் ஹோண்டாவுடன் கூட்டுச் சேர்ந்தது.

சைக்கிள் தரும் இன்னொரு பாடம் இதைவிட நுட்பமானது. சைக்கிளை வலப்பக்கம் திருப்ப என்ன செய்கிறீர்கள் என்று யாரைக் கேட்டாலும், ஹேண்டில்பாரை வலப்பக்கம் திருப்புகிறேன் என்பார்கள். விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் தொழிலால் சைக்கிள் செய்து விற்றவர்கள். அவர்களில் மூத்தவரான வில்பர், ஓட்டுபவர்களின் இந்தப் பதில் தவறு என்று கவனித்தார். வலப்பக்கம் போக நினைப்பவர் ஒரு கண நேரம் சக்கரத்தை இடப்பக்கம் திருப்புகிறார். டயர் இடப்பக்கம் விலகியதும் உடம்பு வலப்பக்கம் சாய்கிறது. சாய்ந்த பிறகு, விழும் பக்கமே திருப்பு என்ற பழைய சூத்திரப்படி சக்கரம் வலப்பக்கம் வருகிறது. கைக்குத் தெரிந்த இந்த வித்தை வாய்க்குத் தெரிவதில்லை.

மோட்டார் சைக்கிளும் இதே விதிப்படிதான் ஓடுகிறது. வேறுபாடு எடையில். நைனாவின் சைக்கிள் 20 கிலோவுக்கு மேலே கொஞ்சம் இருக்கும், ஓட்டுபவர் 60 கிலோ. ஆள்தான் வண்டியைவிடக் கனம். இடுப்பை அசைத்தால் வண்டி கேட்கும், கையை விட்டுவிட்டும் ஓட்டலாம். சாதாரண 100 சி.சி. வண்டி 110 கிலோ அளவில் இருக்கும், புல்லட் 180 கிலோவைத் தாண்டும். இங்கே வண்டிதான் ஆளைவிடக் கனம், இடுப்பசைவை அது கண்டுகொள்ளாது. அமெரிக்கப் பயிற்சியாளர் கீத் கோடு இதைக் காட்டுவதற்கென்றே ஒரு மோட்டார் சைக்கிளில், அசையாத இரண்டாவது ஹேண்டில்பாரைச் சட்டத்தோடு சேர்த்துப் பொருத்தினார். அதைப் பிடித்துக்கொண்டு உடம்பை எவ்வளவு சாய்த்தாலும் வண்டி மெல்ல விலகுமே தவிர, சொன்ன இடத்தில் திரும்பாது. ஆகவே வலப்பக்கம் போக வலக்கைப் பிடியை முன்னால் தள்ள வேண்டும் என்பதை மோட்டார் சைக்கிளில் தெரிந்தே செய்ய வேண்டியிருக்கிறது. சைக்கிள்காரர் கையில் அந்த வித்தை ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருப்பதால் தட்டி எழுப்பினால் போதும். சைக்கிளே தெரியாதவருக்கு அதைப் பிறப்பிக்க வேண்டும்.

இதுவரை லாபக் கணக்கு. எட்வர்ட் தார்ண்டைக், ராபர்ட் உட்வொர்த் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1901-ல் ஒரு கருத்தை வெளியிட்டார்கள். ஒரு வேலையில் பெற்ற பயிற்சி மற்றொரு வேலைக்கு உதவ வேண்டுமானால், இரண்டுக்கும் பொதுவான கூறுகள் இருக்க வேண்டும். எவ்வளவு பொதுவோ அவ்வளவே உதவி. பிறகு வந்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். சூழ்நிலை ஒன்றாகவே இருந்து, செய்ய வேண்டிய செயல் மட்டும் மாறிவிட்டால், பழைய பயிற்சி உதவாததோடு நிற்காமல் குறுக்கே வந்து நிற்கும்.

அது எப்படி நிற்கும் என்பதை நான் 17 வயதில் பார்த்தேன்.

மாமா ஒருவரிடம் யெஸ்டி இருந்தது. மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி செய்த வண்டி. கிக்கரையும் கியரையும் ஒரே கம்பியில் வைத்திருப்பார்கள். உதைத்து எழுப்பிவிட்டு அதையே முன்னால் மடக்கினால் கியராகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் லைனுக்குப் பின்னால் இருந்த மைதானத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். மைதானத்தின் ஒரு ஓரம் சரிவாக இறங்கி, சயனைடு மேட்டைப் பார்க்கப் போகும். தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய சாம்பல் நிற மண்மலைகள் அவை. ஊரில் எங்கே நின்றாலும் கண்ணில் படும்.

கிளட்ச், கியர், ஆக்ஸிலேட்டர் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். இரண்டு தடவை வண்டி அணைந்தது. மூன்றாவது தடவை நகர்ந்தது. நகர்ந்ததும் எனக்குள் ஒரு மகிழ்ச்சி. பேலன்ஸ் ஏற்கெனவே கையில் இருந்ததால் வண்டி ஆடவே இல்லை. “டேய், உனக்கு வந்துடுச்சுடா!” என்று மாமா பின்னாலிருந்து கத்தினார். பத்து நிமிஷத்தில் இரண்டாவது கியரில் மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது சுற்றில் சரிவுப் பக்கம் ஒரு ஆடு குறுக்கே வந்தது. என் இடது கை உடனே பிடியை இறுக்கிப் பிடித்தது.

நம் ஊர் சைக்கிள்களில் பொதுவாக வலக்கைப் பிடி முன் சக்கரத்து பிரேக், இடக்கைப் பிடி பின் சக்கரத்து பிரேக். ஆபத்து என்றால் இடக்கையைப் பிடி என்று பத்து வருஷம் என் உடம்பு பழகியிருந்தது. யெஸ்டியில் அந்த இடத்தில் இருப்பது கிளட்ச். அதைப் பிடித்தால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். அதுவரை எஞ்சினாவது வண்டியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்திருந்தது, அந்தப் பிடியும் போனது. சரிவில் வண்டி கட்டவிழ்ந்து ஓடியது. நான் இன்னும் இறுக்கினேன், இன்னும் வேகமாக ஓடியது. அடுத்து சைக்கிள் பிள்ளைகள் எல்லோரும் செய்வதையே செய்தேன். இரண்டு காலையும் எடுத்துத் தரையில் தேய்த்தேன். மோட்டார் சைக்கிளின் பின் பிரேக் வலது பாதத்துக்குக் கீழே இருக்கிறது. பாதத்தை எடுத்ததும் அதுவும் போயிற்று. ஆடு தப்பியது. நான் முள்வேலியில் போய் விழுந்தேன். யெஸ்டியின் சைலன்சர் சுட்ட வடு கெண்டைக்காலில் இன்றும் இருக்கிறது.

அன்று நான் விழுந்தது துணிச்சல் குறைந்திருந்ததால் அல்ல, பயிற்சி குறைந்திருந்ததாலும் அல்ல. நன்றாகப் பயின்ற ஒரு பாடம் தவறான இடத்தில் வேலை செய்தது. அப்படிப்பட்ட பாடம் எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பதற்கு டெஸ்டின் சாண்ட்லின் என்ற அமெரிக்கப் பொறியாளர் 2015-ல் காட்டிய சைக்கிள் நல்ல சான்று. ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்பினால் சக்கரம் வலப்பக்கம் திரும்பும்படி அதை மாற்றியிருந்தார்கள். தினமும் சில நிமிஷம் பழகியும் அதை ஓட்ட அவருக்கு 8 மாதம் பிடித்தது. அவருடைய சின்ன மகன் இரண்டே வாரத்தில் கற்றுவிட்டான். மறக்க வேண்டியது குறைவாக இருப்பவருக்குப் புதிய கை சீக்கிரம் வருகிறது.

வலது மணிக்கட்டிலும் இதே சிக்கல் உண்டு. சைக்கிள் தடுமாறினால் ஹேண்டில்பாரை இறுகப் பிடிப்போம், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. மோட்டார் சைக்கிளில் வலக்கைப் பிடி சுழலும். வண்டி திடீரென்று முன்னால் பாய்ந்தால் உடம்பு பின்னால் சாயும். சாயும் உடம்பைத் தாங்கக் கை பிடியை இழுக்கும். இழுக்கும்போது மணிக்கட்டு கீழே மடங்கி ஆக்ஸிலேட்டர் இன்னும் திறக்கும். வண்டி இன்னும் பாயும். புதிதாக ஓட்டுபவர் நின்ற இடத்திலிருந்து எகிறிப்போய்ச் சுவரில் முட்டுவதைத் தெருவில் பார்த்தவர்கள் ‘பயத்துல முறுக்கிட்டான்’ என்பார்கள். பயத்தில் அவர் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். பிடித்துக்கொள்வது சைக்கிளில் சரியான செயல்.

வேக உணர்வு வேறொரு விஷயம். சைக்கிளில் வேகத்துக்குத் தொடை விலை கொடுக்கிறது. எங்கள் ஊர் ஆண்டர்சன்பேட்டைப் பக்க மேட்டில் மிதித்து ஏறிய பிள்ளைக்கு, ஒவ்வொரு கிலோமீட்டர் வேகமும் எவ்வளவு மூச்சு என்று தெரியும். மோட்டார் சைக்கிளில் அந்தக் கணக்கு அறுந்துபோகிறது. மணிக்கட்டை அரை அங்குலம் திருப்பினால் 60 கிலோமீட்டர்.

இந்த வேறுபாட்டை எண்ணில் பார்ப்போம். 60 கிலோ ஆள், 20 கிலோ சைக்கிள், மணிக்கு 15 கிலோமீட்டர். அதே ஆள், 120 கிலோ வண்டி, மணிக்கு 60 கிலோமீட்டர். எடை இரண்டேகால் மடங்கு. வேகம் 4 மடங்கு. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது 16 மடங்கு. பெருக்கினால் 36. முள்வேலியோ சுவரோ வாங்கிக்கொள்ள வேண்டிய அடி, சைக்கிளில் இருந்ததைப்போல் 36 பங்கு. நிற்கும் தூரமும் பல மடங்கு கூடும். ஆபத்தைக் கண்டு கை அசைய ஒரு நொடி, பிறகு நல்ல பிரேக் என்று வைத்தால், சைக்கிள் 6 மீட்டருக்குள் நிற்கும். மோட்டார் சைக்கிளுக்கு 40 மீட்டர் வேண்டும். சைக்கிளில் பத்து வருஷம் பழகிய கண், ஒரு பேருந்தைப் பார்த்ததும் ‘இன்னும் தூரம் இருக்கு’ என்று சொல்லும். அந்தக் கண்ணை நம்பக் கூடாது.

நல்ல பிரேக் என்று சொன்னேனே, அங்கே சைக்கிள் இன்னொரு பழைய பயத்தையும் கொண்டுவந்து சேர்க்கிறது. “முன் பிரேக்கை மட்டும் பிடிச்சிடாதே, தலைகுப்புற விழுவே” என்று சொல்லாத அண்ணன் கிடையாது. சைக்கிளுக்கு அது உண்மை. சைக்கிள் நீளத்தில் குட்டை, ஓட்டுபவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். முன் சக்கரம் சட்டென்று நின்றால் எடை மையம் அதன்மேல் உருண்டு தாண்டிவிடும். மோட்டார் சைக்கிளில் எடை தாழ்வாக இருக்கிறது, சக்கரங்களுக்கு நடுவே இடைவெளியும் அதிகம். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வது இங்கும் நடக்கிறது, ஆனால் இங்கே அது நன்மை. நன்றாகப் பிடித்தால் மொத்த எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு முன் டயரில் அழுந்தும். அழுந்திய டயருக்குத்தான் சாலையில் பிடிப்பு. பின் டயர் அந்த நேரத்தில் லேசாகிவிடுகிறது. அதை மட்டும் மிதித்தால் வழுக்கி இழுத்துக்கொண்டு போகுமே தவிர வண்டி நிற்காது.

பேராசிரியர் ஹாரி ஹர்ட்டின் தலைமையில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து, 1981-ல் அறிக்கை தந்தார்கள். விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவே கற்றவர்கள், அல்லது வீட்டாரிடமும் நண்பர்களிடமும் கற்றவர்கள். பெரும்பாலோர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சறுக்கினார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. பிடியைத் தள்ளி விலகிப்போகும் திறன் அநேகமாக யாரிடமும் வெளிப்படவில்லை. ஆபத்து தெரிந்ததிலிருந்து மோதும்வரை அவர்களுக்குக் கிடைத்தது 2 நொடிக்கும் குறைவு. அந்த 2 நொடியில் யோசிக்க முடியாது. கையில் எது ஊறியிருக்கிறதோ அதுதான் வெளியே வரும். இந்திய அரசு 2019 ஏப்ரல் முதல், 125 சி.சி. வரையுள்ள புதிய வண்டிகளில் இரண்டு பிரேக்குகளையும் இணைக்கும் அமைப்பையும், அதற்கு மேற்பட்டவற்றில் ஏ.பி.எஸ்ஸையும் கட்டாயமாக்கியது. ஒரே பிரேக்கை நம்பும் பழக்கத்துக்கு இயந்திரம் செய்யும் திருத்தம் அது. வேண்டிய திருத்தம்தான். ஆனால் கிளட்சைப் பிடித்துக்கொண்டு பிரேக் என்று நினைப்பவரை அது காப்பாற்றாது.

என் நைனா சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் ஓட்டியவர். ஆட்கள் ஏறிய கேஜ் என்ற கூண்டை, சாஃப்ட் என்ற செங்குத்துக் குழிக்குள் இறக்குவதும் ஏற்றுவதும் அவர் வேலை. கேஜ் அவர் கண்ணுக்குத் தெரியாது. முன்னால் ஆழம் காட்டும் கருவி, காதில் மணி, கையில் பிரேக், இவ்வளவுதான். கேஜை இறக்க இரண்டு மணி, ஆட்கள் ஏறுகிறார்கள் என்பதற்கு மூன்று மணி என்று முறை உண்டு. ஓடுகிற கேஜை நிறுத்த ஒரே ஒரு மணி. அடிக்க நேரமில்லாதபோதும் அடிக்கக்கூடியதாக அந்த மணியை வைத்திருந்தார்கள். முள்ளைப் பிடுங்கி மஞ்சள் வைத்த அன்று ராத்திரி, அவர் என்னைத் திட்டவில்லை. “ஓட்டறதுக்கு முன்னால நிறுத்தறது எதுன்னு கேட்டியா?” என்று மட்டும் கேட்டார். நான் கேட்டிருக்கவில்லை. மாமாவும் சொல்லவில்லை. நான் ஆடாமல் ஓட்டியதைப் பார்த்து அவரும் ஏமாந்துபோனார்.

சைக்கிள் தெரிந்தவரின் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. சைக்கிள் தெரியாதவர் முதல் நாள் தள்ளாடுவார். பக்கத்தில் இருப்பவர் கூடவே ஓடுவார். பத்து நாள் யாரும் சாலைக்கு விடமாட்டார்கள். அந்தப் பத்து நாளில் கிளட்சும் பிரேக்கும் கையில் ஊறிவிடும். சைக்கிள் தெரிந்தவரோ பத்து நிமிஷத்தில் நேராகப் போகிறார். நேராகப் போவதைப் பார்த்து எல்லோரும் ‘கத்துக்கிட்டான்’ என்கிறார்கள்.

கியர் இல்லாத வண்டிகளில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. 1980-ல் ஓசூரில் டி.வி.எஸ். 50 வந்தபோது, அது சைக்கிளும் மோட்டாரும் சேர்ந்த பிறவியாக இருந்தது. பெடல் இருந்தது, மேட்டில் மூச்சு வாங்கினால் மிதித்து உதவலாம். கிளட்ச் பிடி கிடையாது. சைக்கிள் கற்ற இடது கைக்கு அதில் மறக்க வேண்டியது எதுவும் இல்லை. இன்றைய ஸ்கூட்டர்களிலும் இடக்கைப் பிடி பின் பிரேக்தான். 1991-ல் புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி இயக்கம் பல்லாயிரம் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. குவாரியில் கல் உடைத்தவர்களும் வயலில் நாற்று நட்டவர்களும் அதில் இருந்தார்கள். அன்று கற்ற பேலன்ஸ் பின்னால் மொபெட்டுக்கும் ஸ்கூட்டருக்கும் அப்படியே போனது. பெண்பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கித் தரத் தயங்குபவர்களிடம் நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: நீங்கள் மறுப்பது ஒரு சைக்கிளை மட்டும் அல்ல, பின்னால் அவள் ஓட்டப்போகும் எல்லா வண்டியையும்.

எங்கள் ஊர்ச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. சங்கு ஊதினால் சைக்கிள்கள் வரிசையாக இறங்கிய சாலைகளில், இப்போது விடியற்காலையில் மாரிகுப்பத்து ரயிலைப் பிடித்துப் பெங்களூர் வேலைக்குப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிள்கள் பறக்கின்றன. கர்நாடக அரசு 2006-07 முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுத்தது, நல்ல திட்டம். அந்தப் பிள்ளைகளின் கையில் பேலன்ஸ் இருக்கிறது. அதனாலேயே அப்பாவின் வண்டிச் சாவியும் சீக்கிரம் கைக்கு வந்துவிடுகிறது. கியர் வண்டிக்குச் சட்டப்படி 18 வயது ஆக வேண்டும்; 50 சி.சி.க்குள் கியர் இல்லாத வண்டியானால் 16. பத்து நிமிஷத்தில் ஓட்டிவிட்டான் என்பது அந்த வயதைக் குறைக்கக் காரணம் ஆகாது.

வயது வந்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் நாளில், சைக்கிள் தெரிந்த பிள்ளை என்றால் பாடத்தைத் தலைகீழாக வையுங்கள். எஞ்சினை எழுப்பாமல் நியூட்ரலில் வைத்து, லேசான சரிவில் உருளவிடுங்கள். “நில்” என்று நீங்கள் சொன்னதும் வலது கையின் முன் பிரேக்கும் வலது பாதத்தின் பின் பிரேக்கும் சேர்ந்து வர வேண்டும். இடது கை சும்மா இருக்க வேண்டும். கால் இரண்டும் வண்டி நின்ற பிறகே தரையைத் தொட வேண்டும். முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காமல், எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் மெல்லத் தொடங்கி இறுக்கச் சொல்லுங்கள். சொல்லாத நேரத்திலும் திடீரென்று சொல்லிப் பாருங்கள். இடது கை தானாக ஓடினால் இன்னும் ஊறவில்லை என்று அர்த்தம், மறுபடியும் மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். ஐம்பது தடவை ஆனாலும் ஆகட்டும். அது முடிகிறவரைக்கும் சாவி உங்கள் பையில் இருக்கட்டும்.